பவுண்டுக்கு பவுண்டு யாரு கெட்டி?

நவோயா இனோவே சண்டை போடற எடை 122 பவுண்டு. நம்ம கணக்குல 55 கிலோ சொச்சம். ஒலெக்சாண்டர் உசிக் 2025 ஜூலையில லண்டன் வெம்ப்ளி மைதானத்துல டேனியல் டூபுவாவை அஞ்சாவது ரவுண்டுல படுக்க வெச்சப்போ தராசு காட்டின எடை 227 பவுண்டு. அதாவது 103 கிலோ. இந்த ரெண்டு பேர்ல யாரு பெரிய குத்துச்சண்டைக்காரன்? ஒரே ரிங்குல இறக்கி விட்டுப் பாத்துடலாமேன்னு சொல்ல முடியாது. விட்டா அதுக்குப் பேரு குத்துச்சண்டை இல்ல, கொலை கேஸு.

அதனாலதான் "பவுண்டுக்கு பவுண்டு"ன்னு ஒரு அளவுகோலைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. எல்லாரும் ஒரே எடை, ஒரே உயரம்னு வெச்சுக்கிட்டா யாரு ஜெயிப்பான்? இதுதான் கேள்வி. இங்க எங்க அபார்ட்மெண்ட்ல இந்தக் கேள்வியைக் கிளப்பினா அன்னைக்கு ராத்திரி அசைன்மெண்ட் அம்பேல். மெக்சிகோக்கார நண்பனுக்கு சாவேஸைத் தவிர வேற யாரும் மனுஷனே இல்ல. ஃபிலிப்பைன்ஸ் நண்பனுக்கு பாக்கியாவ் கடவுள். நமக்குன்னு சொந்தமா ஒரு ஆள் இந்த லிஸ்ட்டுல இல்லாததால என்னை நடுவரா உக்கார வெச்சுடுவாங்க. (நடுவர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, ரெண்டு பக்கமும் திட்டு மட்டும் உண்டு.) நம்மூர்ல ராஜாவா ரஹ்மானான்னு விடிய விடிய சண்டை போடறோமே, கிட்டத்தட்ட அதே ஜாதி சண்டைதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த வார்த்தையையே கொஞ்சம் நோண்டிப் பாப்போம். நெசமாவே பலத்தை எடையால வகுத்தா என்ன ஆகும்? தசையோட பலம் அதோட குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. உருவம் பெருசாக ஆக, எடை வேகமா ஏறும், பலம் அந்த அளவுக்கு ஏறாது. எறும்பு தன்னைவிடப் பல மடங்கு எடையைத் தூக்கிட்டுப் போறதும், யானை அப்படித் தூக்க முடியாததும் இதனாலதான். அதனால வகுத்தல் கணக்கு போட்டா எப்பவுமே சின்ன ஆளுதான் ஜெயிப்பான், விவாதமே வேண்டாம். பளுதூக்கும் போட்டியில இதைச் சரிக்கட்ட சின்க்ளேர் சூத்திரம்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. குத்துச்சண்டையில அப்படி ஒரு சூத்திரமும் கிடையாது. ஆக இது கணக்கே இல்ல, கற்பனை. நடக்காத, நடக்கவே முடியாத ஒரு சண்டையை மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறது.

இங்கதான் எனக்கு சுவாரசியமே ஆரம்பிக்குது. நடக்க முடியாத சண்டைகளுக்காக வந்த வார்த்தை இது. ஆனா வரலாற்றைப் புரட்டினா, நடந்திருக்கக் கூடிய, ஆனா நடக்க விடாத சண்டைகளை மூடி மறைக்கத்தான் இது ரொம்பப் பயன்பட்டிருக்கு.

எடைப் பிரிவுகள் ஒழுங்கா வந்தது 1909ல. லண்டன்ல இருந்த நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டுப் பிரிவை வகுத்துச்சு. அதுக்கு முன்னாடியும் லைட்வெயிட், மிடில்வெயிட்னெல்லாம் பேரு உண்டு, ஆனா எல்லை எதுன்னு ஊருக்கு ஊரு ஒரு கணக்கு. பிரிவு வந்தாலும் பணமும் புகழும் ஹெவிவெயிட் கிட்டதான். சின்ன ஆளு எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் "பெரியவன் கிட்ட மாட்டினா காலி"ங்கற பேச்சு இருந்துக்கிட்டே இருக்கும். அந்த மாதிரி ஆட்களுக்குக் கொடுத்த ஆறுதல் பரிசுதான் இந்தப் பட்டம். ஷுகர் ரே ராபின்சனுக்காகவே இந்த வார்த்தையை உண்டாக்கினாங்கன்னு ஒரு கதை பல இடத்துலயும் ஓடும். அவருக்கு முன்னாடியே, 1917 முதல் 1925 வரை லைட்வெயிட் சாம்பியனா இருந்த பென்னி லியோனார்டைப் பத்தி இதே வார்த்தையைச் சொல்லியாச்சு.

ஆனா என்னைக் கேட்டா, இந்த வார்த்தைக்கு முதல் சொந்தக்காரர் லியோனார்டும் இல்ல. சாம் லாங்ஃபோர்ட்.

கனடாவுல நோவா ஸ்கோஷியாவுல பொறந்து, பாஸ்டன்ல வந்து சேந்த கறுப்பினத்துக்காரர். உயரம் 170 சென்டிமீட்டர் இருந்தா அதிகம். 1903 டிசம்பர்ல, இன்னும் மீசை கூட சரியா முளைக்காத வயசுல, லைட்வெயிட் உலக சாம்பியன் ஜோ கான்ஸை 15 ரவுண்டுல ஜெயிச்சார். பட்டம் கிடைக்கல, ஏன்னா அது பட்டத்துக்கான ஆட்டம் இல்ல. அடுத்த வருஷம் வெல்டர்வெயிட் சாம்பியன் ஜோ வால்காட்டோட மோதினார். டிரான்னு அறிவிச்சாங்க. பட்டம் வால்காட் கிட்டயே நின்னுச்சு. 1906ல பாஸ்டன் பக்கத்துல செல்சீங்கற ஊர்ல ஜாக் ஜான்சனோட 15 ரவுண்டு. லாங்ஃபோர்ட் 156 பவுண்டு, ஜான்சன் 185. கிட்டத்தட்ட 13 கிலோ வித்தியாசம். லாங்ஃபோர்ட் கீழ விழுந்தார், எழுந்தார், பாயின்ட்ல தோத்தார், ஆனா கடைசி மணி அடிக்கிற வரைக்கும் நின்னார்.

1908 டிசம்பர் 26ல ஜான்சன் சிட்னியில டாமி பர்ன்ஸை ஜெயிச்சு, முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்துக்காக அவர் பட்ட அவமானம் தனிக் கதை. வெள்ளைக்காரங்க "கறுப்பனோட மோத மாட்டோம்"னு வருஷக்கணக்கா அவருக்குக் கதவைச் சாத்தி வெச்சிருந்தாங்க. சரி, கதவு திறந்து உள்ள போன மனுஷன் என்ன பண்ணினார்? உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுட்டார். 1915 வரைக்கும் சாம்பியனா இருந்தார். அத்தனை வருஷத்துல அவர் பட்டத்தை வெச்சு மோதின ஒரே கறுப்பின வீரர் பேட்லிங் ஜிம் ஜான்சன், 1913ல பாரிஸ்ல. லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்பு கூட கொடுக்கல. ரெண்டு கறுப்பர்கள் மோதினா டிக்கெட் விக்காதுங்கறது வியாபாரக் காரணம். அதை முழுப் பொய்னும் சொல்ல முடியாது. ஆனா 156 பவுண்டுல 15 ரவுண்டு நின்னவன், நாலஞ்சு வருஷம் கழிச்சு உடம்பு தேறி வந்தா என்ன பண்ணுவான்னு ஜான்சனுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

வெள்ளைக்காரன் மோத மாட்டான், ஜான்சனும் மோத மாட்டார். அப்ப லாங்ஃபோர்ட் யாரோடதான் மோதுவார்? தன்னை மாதிரியே ஒதுக்கப்பட்ட கறுப்பின ஹெவிவெயிட்டுகளோட, திரும்பத் திரும்ப. ஹாரி வில்ஸ் ஒருத்தரோட மட்டும் பதினஞ்சு தடவைக்கு மேல. அந்த வில்ஸுக்கும் பின்னாடி ஜாக் டெம்ப்ஸி கிட்ட இதே கதிதான். கடைசியில கண் பார்வை போக ஆரம்பிச்சும் லாங்ஃபோர்ட் நிறுத்தல, வயித்துப் பொழப்பு. 1944ல நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் பத்திரிகைக்காரர் அல் லேனி, ஹார்லெம்ல ஒரு இருட்டு அறையில அவரைத் தேடிக் கண்டுபிடிச்சார். ரெண்டு கண்ணும் தெரியாம, கையில காசில்லாம உக்காந்திருந்தார். கட்டுரை வந்து, ஜனங்க காசு போட்டு, மிச்ச நாள் கொஞ்சம் கௌரவமா ஓடிச்சு. 1956ல இறந்தார். லைட்வெயிட்ல இருந்து ஹெவிவெயிட் வரைக்கும் எல்லாப் பிரிவுலயும் சாம்பியன்களோட கையைக் கலந்த மனுஷன், ஒரு உலகப் பட்டம் கூட இல்லாம.

இப்ப ராபின்சனுக்கு வருவோம். இவரைப் பத்தி எழுத எனக்கு இன்னொரு காரணம், நான் படிக்கிற மாநிலத்து ஆளு. ஜார்ஜியாவுல பொறந்தாலும் சின்ன வயசுல டெட்ராய்ட்ல வளந்தவர், அதே டெட்ராய்ட்ல தனக்கு மூத்தவரான ஜோ லூயிஸை அண்ணாந்து பாத்துக்கிட்டு. (டெட்ராய்ட் நடுத்தெருவுல ஜோ லூயிஸ் நினைவா 24 அடி நீளத்துக்கு வெறும் ஒரு கையும் முஷ்டியும் தொங்க விட்டிருக்காங்க. முதல் தடவை பாக்கறவங்க பயந்துடுவாங்க.) நிஜப் பேரு வாக்கர் ஸ்மித். போட்டியில கலந்துக்க இன்னொருத்தரோட அடையாள அட்டையைக் காட்டினார். அந்த அட்டையில இருந்த பேருதான் ரே ராபின்சன். இரவல் பேருல சரித்திரம் படைச்சுட்டார்.

1940ல தொழில்முறைக்கு வந்து வரிசையா 40 வெற்றி. 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட் ஒலிம்பியா ஸ்டேடியம், எதிர்ல ஜேக் லமோட்டா. ராபின்சனைவிட 16 பவுண்டு மாதிரி கூடுதல் எடை. எட்டாவது ரவுண்டுல ராபின்சன் கயித்துக்கு வெளிய போய் விழுந்தார். முதல் தோல்வி. இன்னைக்கு ஒரு நட்சத்திரம் இப்படித் தோத்தா என்ன பண்ணுவாங்க? ஆறு மாசம் ஓய்வு, கோச் மாத்தல், மறு ஆட்டத்துக்கு ரெண்டு வருஷம் பேரம். ராபின்சன் மூணே வாரத்துல, அதே ஸ்டேடியத்துல, அதே லமோட்டாவோட திரும்ப மோதி ஜெயிச்சார். ரெண்டு பேரும் மொத்தம் ஆறு தடவை மோதினாங்க, அஞ்சு ராபின்சனுக்கு. "ரேஜிங் புல்" படம் பாத்தவங்களுக்கு கடைசி ஆட்டம் ஞாபகம் இருக்கும், 1951 காதலர் தினத்தன்னைக்கு, 13வது ரவுண்டு. அன்னைக்குதான் ராபின்சன் மிடில்வெயிட் சாம்பியன் ஆனார். அந்த 1943 தோல்விக்கு அப்புறம் 1951 ஜூலையில லண்டன்ல ராண்டி டர்பின் கிட்ட தோக்கற வரைக்கும், எட்டு வருஷத்துக்கு மேல யாரும் அவரை ஜெயிக்கல. டர்பினையும் ரெண்டே மாசத்துல திருப்பி அடிச்சாச்சு.

ஆனாலும் முதல் உலகப் பட்டம், வெல்டர்வெயிட், 1946 டிசம்பர்லதான் கிடைச்சுது. ஆறு வருஷம் காத்திருந்தார். அந்தக் காலத்துல நியூயார்க் குத்துச்சண்டை மொத்தமும் ரவுடிக் கும்பல் கையில. லமோட்டாவே ஒரு பட்ட வாய்ப்புக்காக 1947ல பில்லி ஃபாக்ஸ் கிட்ட வேணும்னே தோத்ததா பின்னாடி 1960ல அமெரிக்க செனட் விசாரணையில ஒத்துக்கிட்டார்.

1947 ஜூன்ல கிளீவ்லேண்ட்ல நடந்தது வேற மாதிரி. ஜிம்மி டாய்லுங்கற 22 வயசுப் பையனோட ஆட்டம். அவன் தன் கையால சாகற மாதிரி முதல் நாள் கனவு கண்டதா ராபின்சன் பின்னாடி சொன்னார். ஆட வேண்டாம்னு தயங்கினவரை சமாதானம் பண்ணி ரிங்குக்கு அனுப்பினாங்க. எட்டாவது ரவுண்டுல டாய்ல் விழுந்தான். மறுநாள் இறந்தான். அப்புறம் வந்த ஆட்டங்கள்ல கிடைச்ச பணத்துல அந்தப் பையனோட அம்மாவுக்குக் கொடுத்தார் ராபின்சன். யாரு நம்பர் ஒண்ணுன்னு நாம ஜாலியா அடிச்சுக்கறப்போ, இதுவும் அந்த லிஸ்ட்டுக்குள்ளதான் இருக்கு.

"பவுண்டுக்கு பவுண்டு"ங்கறதை நிஜமாவே தராசுல வெச்சுப் பாத்த ஒரு ராத்திரி உண்டு. 1952 ஜூன் 25, யாங்கி ஸ்டேடியம். ராபின்சன் 157 பவுண்டு சொச்சம். எதிர்ல லைட்-ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மேக்ஸிம், 173. ரிங் பக்கத்துல வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட். நம்ம வேலூர் மே மாசம்னு வெச்சுக்கோங்க, அதுக்கு மேல தலைக்கு மேல விளக்கு வேற. பத்தாவது ரவுண்டு முடிஞ்சதும் ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டைன் முடியாம உக்காந்துட்டார், வேற ரெஃப்ரியைக் கொண்டு வந்தாங்க. ஸ்கோர் கணக்குல ராபின்சன்தான் முன்னாடி. 13வது ரவுண்டுல ஒரு குத்து விட்டார், அது ஆளு மேல படல, அவரே தடுமாறி விழுந்தார். 14வது ரவுண்டுக்கு எழுந்து வர முடியல. இருநூறு ஆட்டத்துக்கு மேல ஆடின மனுஷன் பாதியில நின்னது அந்த ஒரு தடவைதான். வெயில்தான் ராபின்சனைத் தோக்கடிச்சுதுன்னு எல்லாரும் எழுத, எனக்கு மட்டும் ஏசி போட்டிருந்தாங்களாக்கும்னு மேக்ஸிம் கேட்டதா சொல்வாங்க. நியாயமான கேள்வி :-)

சரி, ராபின்சன்தான் எல்லாக் காலத்துக்கும் நம்பர் ஒண்ணுன்னு முக்கால்வாசிப் பேரு சொல்றாங்க. நானும் அதை மறுக்கல. ஆனா அந்தப் பேரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பக்கத்துலயே இன்னொரு பேரும் ஞாபகம் வரும். சார்லி பர்லி.

பிட்ஸ்பர்க்காரர். 1936ல ஹிட்லர் நடத்தின பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் பதிலா, அதை எதிர்த்து பார்சிலோனாவுல நடக்க இருந்த மக்கள் ஒலிம்பியாடுக்குப் போன அமெரிக்கக் குழுவுல இருந்தவர். அங்க போன நேரத்துல உள்நாட்டுப் போர் வெடிச்சு போட்டியே நடக்கல. தொழில்முறையில ஃப்ரிட்ஸி ஜிவிக்கோட மூணு தடவை மோதி ரெண்டு தடவை ஜெயிச்சார். அந்த ஜிவிக் 1940ல வெல்டர்வெயிட் உலக சாம்பியன் ஆனார், பர்லி ஆகல. 1942ல மினியாபொலிஸ்ல, தன்னைவிட சுமார் 70 பவுண்டு அதிகமான ஜே.டி. டர்னர்ங்கற ஹெவிவெயிட்டோட மோதி ஆறாவது ரவுண்டுல முடிச்சார். கற்பனை எல்லாம் தேவையே இல்ல பாருங்க, மனுஷன் நேராவே செஞ்சு காட்டிட்டார். 1944ல ஹாலிவுட்ல ஆர்ச்சி மூரைப் பல தடவை தரையில விழ வெச்சு ஜெயிச்சார். அந்த மூர்தான் எட்டு வருஷம் கழிச்சு, நாம மேல பாத்த அதே ஜோயி மேக்ஸிமை ஜெயிச்சு உலக சாம்பியன் ஆனவர். தான் மோதினவங்கள்லயே பெரிய ஆள் பர்லிதான்னு மூர் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். பிற்காலத்துல ஜோ ஃப்ரேஸியருக்குப் பயிற்சி கொடுத்த எடி ஃபட்ச்சும் தான் பாத்ததுலயே முழுமையான வீரர் பர்லின்னுதான் சொன்னார்.

ராபின்சனும் பர்லியும் ஒரே காலம், எடையும் கிட்டத்தட்ட ஒண்ணு. மோதவே இல்ல. ராபின்சன் நழுவினார்னு ஒரு கட்சி, பணத்துல பேரம் படியலைன்னு ஒரு கட்சி. பர்லியால பெருசா டிக்கெட் விக்காது, ஆனா தோக்கடிச்சுடுவான். இப்படி ஒரு ஆளோட மோதறது நஷ்டம் மட்டும்தான். பர்லி தனி ஆளும் இல்ல. ஹோல்மன் வில்லியம்ஸ், கோகோ கிட், லாய்ட் மார்ஷல், எடி புக்கர், ஜாக் சேஸ்னு ஒரு கூட்டமே இருந்துச்சு. எல்லாரும் கறுப்பர்கள், எல்லாரும் கெட்டிக்காரங்க, யாருக்கும் உலகப் பட்டம் கிடையாது. லாங்ஃபோர்ட் மாதிரியே ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டே காலத்தை ஓட்டினாங்க. பர்லி ஒரு தடவை கூட நாக்-அவுட் ஆனதில்ல. ஓய்வுக்கு அப்புறம் பிட்ஸ்பர்க் நகரத்துல குப்பை அள்ற வேலைக்குப் போனார். அவர் இருந்த தெருவுல வளந்த பையன் ஒருத்தன் பின்னாடி பெரிய நாடகாசிரியர் ஆனார், ஆகஸ்ட் வில்சன். "ஃபென்சஸ்" நாடகத்துல வர்ற குப்பை அள்ற ட்ராய் மேக்ஸன் பாத்திரத்துல பர்லியோட சாயல் உண்டு.

இதைப் படிச்சதுக்கப்புறம் எந்த லிஸ்ட்டைப் பாத்தாலும் என் மண்டையில ரெண்டு கேள்வி வரும். இவன் யாரை அடிச்சான்? யாரை அடிக்காம விட்டான்? முதல் கேள்விக்கு விக்கிபீடியா போதும். ரெண்டாவதுக்குத்தான் வரலாறு வேணும்.

லிஸ்ட்டுன்னு முறையா வந்தது 1990 வாக்குலதான். "தி ரிங்" பத்திரிகை ஆரம்பிச்சப்போ முதல் இடம் மைக் டைசனுக்கு. 1990 பிப்ரவரியில டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ் வந்து அதுக்கு முற்றுப்புள்ளி வெச்சார். அப்புறம் ஹூலியோ சீசர் சாவேஸ். அதே வருஷம் மார்ச்ல மெல்ட்ரிக் டெய்லர் கிட்ட பாயின்ட்ல தோத்துக்கிட்டிருந்தவர், ஆட்டம் முடிய ரெண்டு செகண்டு இருக்கும்போது ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினதால ஜெயிச்சார். அந்த ரெண்டு செகண்டைப் பத்தி இன்னைக்கும் சண்டை போடறாங்க.

1993 செப்டம்பர் 10ல ஒரு அதிசயம் நடந்துச்சு. லிஸ்ட்டுல உச்சத்துல இருந்த ரெண்டு பேருமே, சாவேஸும் பெர்னெல் விட்டேக்கரும், நிஜமாவே மோதினாங்க. சான் அன்டோனியோ, அலமோடோம், அறுபதாயிரம் பேரு மாதிரி கூட்டம், முக்கால்வாசி சாவேஸ் ரசிகர்கள். கற்பனையே வேண்டாம், நேர்லயே பாத்துக்கலாம். விட்டேக்கர் 12 ரவுண்டும் சாவேஸைத் தொட முடியாத தூரத்துலயே வெச்சு விளையாடினார். தீர்ப்பு? ஒரு ஜட்ஜ் விட்டேக்கருக்கு 115-113, மத்த ரெண்டு பேரும் 115-115. டிரா! ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையில கொள்ளையடிச்சுட்டாங்கன்னு போட்டாங்க. எங்க மெக்சிகோ நண்பன் கிட்ட இந்த ஆட்டத்தைப் பத்தி மட்டும் பேச்செடுத்தா அவனுக்கு உடனே பாத்திரம் கழுவற வேலை வந்துடும்.

மேவெதர்-பாக்கியாவ் கதை எல்லாருக்கும் தெரியும், வேகமா தாண்டிடலாம். 2009 கடைசியில ரெண்டு பேருமே உச்சத்துல. ரத்தப் பரிசோதனை விவகாரத்துல பேச்சு முறிஞ்சுது. நடுவுல 2012ல பாக்கியாவை மார்க்வெஸ் முகங்குப்புற விழ வெச்சார். கடைசியா 2015 மே 2ல மோதினப்போ ஒருத்தருக்கு 38, இன்னொருத்தருக்கு 36. கட்டணம் கட்டிப் பாத்த வீடுகள் 46 லட்சம். மேவெதர் பாயின்ட்ல சுலபமா ஜெயிச்சார். பணக் கணக்குல பாத்தா காத்திருந்தது லாபம்தான், சந்தேகமே இல்ல. நம்ம கேள்விக்கு மட்டும் விடை அஞ்சு வருஷம் ஆறிப் போய் வந்துச்சு.

இன்னொரு சின்னக் கணக்கு. 1938ல ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஒரே நேரத்துல மூணு பிரிவுக்கு உலக சாம்பியனா இருந்தார். அன்னைக்கு உலகத்துல இருந்ததே எட்டுப் பிரிவு, அதுல மூணு ஒரே ஆளு கையில. இன்னைக்கு 17 பிரிவு, பெரிய அமைப்பு நாலு, ஆக 68 பெல்ட். (ஒரு அமைப்பு 2020ல 18வது பிரிவையும் சேத்துடுச்சு, அது தனி.) மோத வேண்டியவனோட மோதாமலே வாழ்நாள் பூரா சாம்பியனா இருக்க இன்னைக்கு வசதி ஜாஸ்தி. அதனாலதான் கற்பனை லிஸ்ட்டுக்கு இவ்வளவு மவுசு.

அப்ப இன்னைக்கு யாரு?

2025 வரைக்கும் என் பதில் டெரன்ஸ் கிராஃபோர்ட். எரல் ஸ்பென்ஸோட மோதல் வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே போய், 2023 ஜூலையில நடந்தப்போ ஒன்பதாவது ரவுண்டுல முடிச்சார். 2025 செப்டம்பர் 13ல லாஸ் வேகாஸ்ல, 154 பவுண்டுல ஆடிக்கிட்டிருந்தவர் 168க்கு ஏறி கனேலோ ஆல்வாரெஸை ஜெயிச்சார். நாலு பெல்ட்டும் சேர்ந்த சாம்பியனா மூணு எடைப் பிரிவுல ஆன முதல் ஆண். "ஆண்"ங்கற வார்த்தையை வேணும்னேதான் போடறேன். அதே வருஷம் பிப்ரவரியில எங்க மிச்சிகன்ல ஃபிளின்ட் ஊர்ல கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ் இதைச் செஞ்சு முடிச்சாச்சு. 2012, 2016 ரெண்டு ஒலிம்பிக் தங்கமும் வாங்கினவங்க. அவங்க பேரு நம்ம அபார்ட்மெண்ட் விவாதத்துல வரவே வராது, நான்தான் ஒவ்வொரு தடவையும் இழுத்து விடணும். கிராஃபோர்ட் 42 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லாம 2025 டிசம்பர்ல ஓய்வு அறிவிச்சார்.

மிச்சம் இருக்கறது நாம ஆரம்பத்துல பாத்த ரெண்டு பேரு. 2025 முடியற வரைக்கும் நடந்ததை வெச்சு என் கணக்கு இது.

இனோவேயைப் பாத்தா வாய் பிளக்கும். 118 பவுண்டுல நாலு பெல்ட், 122ல நாலு பெல்ட். 2023ல ஸ்டீஃபன் ஃபுல்ட்டனை எட்டாவது ரவுண்டுல அடிச்ச ஆட்டத்தைத் தேடிப் பாருங்க. 2024 மே மாசம் டோக்கியோ டோம்ல நேரி, 2025 மே மாசம் லாஸ் வேகாஸ்ல கார்டெனாஸ், ரெண்டு பேருமே அவரைத் தரையில விழ வெச்சாங்க. ரெண்டு பேரையும் எழுந்து வந்து முடிச்சார். விழுந்ததுக்காக நான் மார்க் குறைக்கல, கூட்டிதான் போடுவேன்.

ஆனாலும் என் ஓட்டு உசிக்குக்கு. ஹெவிவெயிட்காரனை இந்த லிஸ்ட்டுல சேக்கறதே தப்புன்னு ஒரு வாதம் உண்டு, சின்ன ஆட்களுக்காக வந்த பட்டம்தானேன்னு. நியாயம்தான், ஆனா இங்க உசிக்தான் சின்ன ஆளு. 200 பவுண்டு பிரிவுல இருந்து ஏறி வந்தவர். 2024 மே மாசம் டைசன் ஃப்யூரியோட மோதினப்போ உசிக் 223, ஃப்யூரி 262. பதினேழு கிலோ வித்தியாசம். ஜெயிச்சார். டிசம்பர்ல இன்னும் கனமா வந்த ஃப்யூரியைத் திரும்பவும் ஜெயிச்சார். ராபின்சன் அன்னைக்கு யாங்கி ஸ்டேடியத்துல செய்யப் பாத்தது இதுதான்.

அடுத்தது என் ரெண்டாவது கேள்வி. யாரை விட்டார்? பெல்ட் வாங்கப் போனது போலந்துல, போலந்துக்காரர் குளோவாட்ஸ்கி கிட்ட. அப்புறம் பெர்லின்ல ஹுக், ரீகாவுல அந்த ஊர் பிரியெடிஸ், மாஸ்கோவுல ரஷ்யாக்காரர் காஸியெவ், மான்செஸ்டர்ல பெல்யூ, லண்டன்ல ஜோஷுவா. எல்லாமே எதிராளியோட ஊரு, இல்லன்னா எதிராளியோட நாடு. மாஸ்கோ ஆட்டம் 2018ல, கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கிட்டு நாலு வருஷம் கழிச்சு. உசிக் அந்த கிரைமியாவுல சிம்ஃபெரோபோல்ல பொறந்தவர். யாராவது கேட்டா "பேரம் படியல"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுலயே உக்காந்திருக்கலாம், ஒருத்தரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. போய், 12 ரவுண்டும் ஆடி, மூணு ஜட்ஜ் கணக்குலயும் ஜெயிச்சு, நாலு பெல்ட்டோட திரும்பி வந்தார்.

இனோவே கட்சிக்காரங்க யாராவது இருந்தா வாங்க, மோதிப் பாக்கலாம். ஃபிலிப்பைன்ஸ் நண்பன் ஏற்கனவே என்னோட ரெண்டு நாளா பேசறதில்ல.